ஆடி முடியட்டும் என்று பூட்டிய பிரசவ அறை

திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: ஒன்றிய ஆணையர், என்ஜினீயர், கட்டடக் கமிட்டித் தலைவர் துரைசாமி, நர்ஸம்மா லூர்துமேரி, பால்வாடி டீச்சர், தையல் டீச்சர், மைக்செட்காரர், ஓவர்சியர் என்கிற முறையில் நான். வராதவர்கள் இரண்டே பேர். அந்தக் கட்டடத்துக்குக் கலவை சுமந்த சித்தாள் மருதாயி, அவள் புருஷன் சின்னசாமி. அவர்கள் ஏன் வரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். ஒன்றிய ஆபீஸில் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு உதவும்.

1. கரும்பலகைச் சுவர்

எழுபதுகளின் கடைசி. சிமெண்ட் பர்மிட்டில் கிடைத்த காலம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்தவர். ஓவர்சியர் வேலை கிடைத்ததும், "கல்லுலயே வெந்த குடும்பம், நீயும் கட்டடத்துக்கே போறியா" என்று கேட்டார். சந்தோஷத்தில் கேட்டாரா, வருத்தத்திலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

முதல் ஒர்க், வேப்பந்தட்டை பக்கம் ஒரு ஊரில். புதுப் பள்ளிக்கூடம் கட்டிய பிறகு பழைய ஓட்டுக் கட்டடம் சும்மா கிடந்தது. யாரோ ஆடு அடைத்திருந்தார்கள். அதைக் குடும்ப நல மையமாக மாற்ற உத்தரவு. மூன்று வகுப்பறைகள். முதல் அறை பால்வாடி, நடு அறை தையல் வகுப்பு, கடைசி அறை பிரசவம் பார்க்க.

பழைய பள்ளிக்கூடத்தை மாற்றுவதில் ஒரு தொல்லை உண்டு. சுவரிலேயே கறுப்பு அடித்துக் கரும்பலகை ஆக்கியிருப்பார்கள். அதன் மேல் பூச்சு நிற்காது. உளி வைத்துக் கொத்தி, செங்கல் தெரிகிற வரை உரித்த பிறகுதான் பூச வேண்டும். அந்தக் கறுப்புத் தூளையெல்லாம் அள்ளிக் கொட்டியது மருதாயி. அப்போது அவளுக்கு ஆறாம் மாசம். பக்கத்துக் காலனிக்காரி. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாடு மேய்க்க விட்டிருந்தார்கள்.

"படிக்க வரலன்னாலும் புள்ள பெத்துக்க வரப்போறேன் சாரு. மொத கேசு நாந்தான், சொல்லிட்டேன்" என்பாள்.

கொத்தனார் கோவிந்தன் சாரத்தில் இருந்தபடி, "ஏய், பூச்சு காயறதுக்குள்ள பெத்துடாத. ஈரத்துல கைநாட்டு வச்சிடும் ஒம் புள்ள" என்று கிண்டல் பண்ணுவார்.

சிரிப்பாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் குடிசையில் பிறந்து, இரண்டுமே தங்கவில்லை. நர்ஸம்மா அவளைச் சாரத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வரதராஜன்பேட்டைக்காரர், பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"இந்தத் தடவ வூட்டுல வச்சுப் பாக்கக் கூடாது. வலி எடுத்ததும் இங்க வந்துரு. கட்டிலு, வெளக்கு, வெந்நி எல்லாம் தயாரா வச்சிருப்பேன். புரியுதா?"

"வந்துர்றேம்மா."

2. சாவி

ஆனி மாசக் கடைசியில் வேலை முடிந்தது. தரை இறுகிவிட்டது. இரும்புக் கட்டில்கள் வந்து இறங்கின. என்ஜினீயர் வந்து பார்த்து முடிப்புச் சான்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் பக்கம் தடை எதுவும் இல்லை. ஊர்ப் பங்காக மணலும் கல்லும் கொடுத்திருந்ததால் சாவி மட்டும் கமிட்டித் தலைவரிடம் இருந்தது. அதுதான் வழக்கம்.

நானும் நர்ஸம்மாவும் தலைவர் வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்து உபசரித்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"நாளக்கழிச்சி ஆடி பொறக்குது. ஆடியில எவனாச்சும் புது வூட்டுல பால் காச்சுவானா தம்பி? ஆவணியில நாள் பாத்து, ஆணையர வரச்சொல்லி ஜாம்ஜாம்னு தொறப்போம்."

நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆடியில பொறக்கற புள்ள ஐப்பசியில உண்டானதுங்க. அதப்போயி ஆவணிக்கு வான்னு சொல்ல முடியுமா?"

தலைவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நர்ஸம்மா, நான் மூடநம்பிக்கையில பேசறேன்னு நெனைக்காதீங்க. நம்ம பொம்பளைங்கள எனக்குத் தெரியும். ஆடியில தொறந்து, மொத பிரசவம் தப்பாப் போச்சுன்னு வைங்க, அப்புறம் ஒருத்தியும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா. இவ்வளவு பாடுபட்டும் கட்டடம் மறுபடி ஆட்டுக்குத்தான். ஒரு மாசந்தானே, பொறுத்துக்குங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. 

3. பதினெட்டாம் பெருக்கு

ஆடி பதினெட்டு அன்று நான் எறையூர் பக்கம் ஒரு பாலம் வேலையில் இருந்தேன். கோவிந்தன் சைக்கிளில் வந்து சொல்லி, நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டுவண்டி அவளை வேப்பந்தட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. நர்ஸம்மா வராந்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் வலி எடுத்ததும் மருதாயி நேராக இங்கேதான் நடந்து வந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்தது. தலைவர் குடும்பத்தோடு காவிரிக்குப் போயிருந்தார். சாவிக்கொத்து அவர் அரைஞாணில். அவளை வராந்தாவில் படுக்க வைத்துவிட்டு, காலனி ஆட்களைப் பூட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறார் நர்ஸம்மா.

கடப்பாரையோடு வந்த சின்னசாமி நின்றுவிட்டான். "ஊர்ப் பூட்டும்மா. ஒடச்சா நாளைக்கு ஒருத்தன் வயல்ல எறங்க விடமாட்டான். எனக்கு மட்டுமில்ல, எங்க தெருவுக்கே."

"பொண்டாட்டி கத்தறா, ஒனக்கு வயலு கேக்குதா? குடுடா இங்க."

நர்ஸம்மா கடப்பாரையைப் பிடுங்கிக் கதவில் போட்டார். திண்டுக்கல் பூட்டு அசையவில்லை. பழைய பள்ளிக்கூடத்தின் தேக்குக் கதவு, அதை அப்படியே வைத்துக்கொள்ளும்படி எஸ்டிமேட்டில் இருந்தது. போட்டுப் போட்டுக் கடைசியில் நாதாங்கி பிய்ந்து வந்தது. அதற்குள் பிள்ளையின் கால் முதலில் வெளியே வந்துவிட்டது. உள்ளே தூக்கிப் போனால் கட்டில்கள் சுவரோரம் சாய்த்தபடி கிடந்தன. விளக்கில் எண்ணெய் இல்லை, பானையில் தண்ணீர் இல்லை. திறக்காத கட்டடத்தில் யார் நிரப்பி வைப்பார்கள்?

ஆண் பிள்ளை. அழவில்லை. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. வேப்பந்தட்டையில் வாடகைக் கார் பிடித்துப் பெரம்பலூர் போனால், இங்கே முடியாது, திருச்சிக்குக் கொண்டு போ என்றார்கள். திருச்சியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

4. அதற்குப் பிறகு

தலைவர் மறுநாள் வந்து பிய்ந்த நாதாங்கியைப் பார்த்தார். யார் உடைத்தது என்று கேட்கவில்லை. "எது நடக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சேனோ அதுவே நடந்துபோச்சே தம்பி" என்றார். 

ஐயரைக் கூப்பிட்டுத் தீட்டுக் கழித்தார்கள். ஆவணியில் ரிப்பன் வெட்டினார்கள். ஆணையர் தாய் சேய் நலம் பற்றிப் பேசினார். பால்வாடிக்குப் பிள்ளைகள் வந்தார்கள், தையலுக்குப் பெண்கள் வந்தார்கள். கடைசி அறைப் பக்கம் மட்டும் ஒருத்தியும் வரவில்லை. "வாசல்லயே காவு வாங்குன எடம்" என்று பேச்சு. நர்ஸம்மா தினமும் கட்டிலைத் துடைத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, தனியாக உட்கார்ந்திருப்பார். தை மாசம் தலைவர் தன் மகளையே வண்டி கட்டி அழைத்துவந்து அங்கே படுக்க வைத்தார். சம்பந்தி வீட்டில் பெரிய சண்டையாம். சுகப்பிரசவம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

இப்படி இன்னும் சில பழைய கட்டடங்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு ஊரிலும் கமிட்டி கூடியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது திறக்கலாம் என்பதல்ல. ஊரில் யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மாசம் என்பதுதான். சிலர் முகம் சுளிப்பார்கள், ஆம்பளை கேட்கிற கேள்வியா என்பார்கள். கேட்டுக்கொள்வேன். பிரசவ அறைத் தரை இறுகிய அன்றே அந்த அறைச் சாவியை நர்ஸ் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். விழா எந்த மாசமும் நடக்கட்டும். புதிதாக வருகிறவர்களும் இப்படியே செய்யுங்கள். விதியில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

மருதாயிக்கும் சின்னசாமிக்கும் ஏதாவது உதவித்தொகை தரும்படி எழுதிப் போட்டேன். அப்படிக் கொடுப்பதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் அவர்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். விழாவுக்கு முந்தின வாரமே அந்த ஆள் இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தையல் பிரித்த புண் ஆறியதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் கார் வாடகை, ஆஸ்பத்திரி வாசலில் விலைக்கு வாங்கிய இரண்டு பாட்டில் ரத்தம், மருந்து, பிள்ளையைப் புதைக்க வாங்கிய கோடித்துணி, எல்லாம் சேர்ந்து எழுநூற்று நாற்பது ரூபாய்.