காந்தத்துக்கு ஆறடி தள்ளி

பேஸ் கிட்டாரின் தந்தி அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பழைய பிக்கப்புகளைச் சரிசெய்வது இருபது வருடமாக அவள் தொழில். அறுந்த செம்புக் கம்பியைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவாள். சத்து போன காந்தத்துக்கு, பெரிய காந்தம் வைத்த கருவியால் மறுபடி வலு ஏற்றுவாள்.

இதயத்துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் டாக்டர் அவள் வேலையை விசாரித்தார். கேட்டதும் அவர் முகம் மாறியது.

"அவ்வளவு பெரிய காந்தமா? பக்கத்துலயே போகக்கூடாதும்மா. உள்ள வெச்ச கருவி தடுமாறிடும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயிரைக் கொடுத்த கையே பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டதே! வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

அதைக் கேட்ட நாத்தனார், தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போய்க் காந்தமேற்றும் கருவி முன் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க வாசல்லயே நில்லுங்க. காந்தத்துல எந்தப் பக்கம் வடதுருவம்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். அன்று தரவேண்டிய பிக்கப் அன்றே தயாரானது.