இருட்டில் மினுங்கும் தவளைக்கு மீன் மாட்டுமா?

புது ரப்பர் வாசனை... புது ஸ்கூல் ஷூ டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. செல்வம் கவரைக் கிழித்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் ஒரு ரப்பர் தவளை, முதுகை ஒட்டி இரண்டு தூண்டில் முள். செல்போன் டார்ச்சை அதன்மேல் ஒரு நிமிடம் காட்டி அணைத்தான். இளம்பச்சையாக மினுங்கியது.

"இன்னா மச்சி, எப்டி கீது?"

சொந்தமாக வீடு வாங்கியவன் மாதிரி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறை. செல்வம் லேத் ஓட்டுவான். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெயர்தான் பெரிது... ஒரு மேஜை, ஒரு மைக்ரோமீட்டர், முடி அளவு பிசகினாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுகிற அதிகாரம். அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாயிறு சாயங்காலம் செல்வம் அடையாற்றங்கரையிலிருந்து பஸ் பிடித்து மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவான். என் பைக்கில் போரூர் தாண்டி ஓர் ஏரிக்குப் போவோம். முன்பெல்லாம் வண்டியை அவன்தான் பிடுங்கி ஓட்டுவான். கொஞ்ச நாளாக, "நீயே ஓட்டு மச்சி, முதுகு வலிக்குது" என்று பின்னால் உட்கார்ந்துகொண்டான். சோம்பேறி என்று திட்டினேன்.

விரால் மீன் பொழுது சாயும் நேரத்தில் நன்றாகக் கடிக்கும். ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்துத் தவளையைப் போட்டு, உயிருள்ளது குதிக்கிற மாதிரி மெல்ல இழுக்க வேண்டும். மினுங்குகிற தவளைக்கு மீன் அள்ளிக்கொண்டு வரும் என்றான் செல்வம். நான் விடுவேனா?

"டெஸ்ட் பண்ணிடலாம்" என்றேன்.

அதே சைஸில் எனக்கு ஒரு சாதாரண கறுப்புத் தவளை. அரை மணிக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இப்படி நான்கு ஞாயிறு. எனக்கு ஆறு விரால், அவனுக்கு ஒன்று. ஐந்தாவது ஞாயிறு பச்சைத் தவளையை அவனிடமிருந்து வாங்கி நானே போட்டேன். வழக்கம்போலத்தான் கடித்தது. தண்ணீர் மேல் எது துள்ளினாலும் விரால் பாய்கிறது, மினுக்கினால் என்ன மினுக்காவிட்டால் என்ன.

அவனுக்குக் குறைந்ததற்குத் தவளை காரணமில்லை. பாதி நேரம் இலை மேலேயே போட்டுச் சிக்க வைத்துக்கொண்டிருந்தான். அதையும் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

வாட்ஸ்அப்பில் எங்கள் தூண்டில் குரூப்புக்கு ரிப்போர்ட் எழுதினேன். "இருட்டில் மினுங்கும் தவளை மீனைப் பிடிக்காது, அதை வாங்குகிற ஆளைத்தான் பிடிக்கும். உதாரணம்: நம்ம பல்பு செல்வம்." ஒரே சிரிப்பு. மறுவாரம் பட்டறை வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. டீக்காரர்கூட "பல்புக்கு ஒரு டீ" என்றார்.

அடுத்த ஞாயிறும் அவன் கையில் அதே பச்சைத் தவளை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. குரூப்பிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் எதிரிலேயே கேட்டேன்.

"ஏண்டா, அதான் ப்ரூவ் பண்ணிட்டேனே! இன்னும் என்ன அதையே கட்டிக்கிட்டு அழுவுற?"

"மீனுக்குத் தெரிதோ இல்லியோ மச்சி... எனக்கு இன்னான்னா..."

"உனக்கு என்ன, பல்பு எரிஞ்சாத்தான் சோறு எறங்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தான். தவளையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துணி வழியாகக் கொஞ்ச நேரம் பச்சையாகத் தெரிந்தது. அன்றைக்கு அப்புறம் அவன் தூண்டில் போடவில்லை.

அதற்குப் பிறகு ஏரிக்கும் வரவில்லை. பட்டறையில் என் ரிஜெக்ட் பெட்டியில் அவன் பீஸ்கள் ஏறிக்கொண்டே போயின. குடிக்கிறானோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து நந்தனம் பஸ் ஸ்டாப்பில் அவன் மனைவி கலாவைப் பார்த்தேன். செல்வம் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணா? கண்ணு பூட்ச்சு. கண்ணுல பிரஷராம், கிளாக்கோமான்றாங்க. பட்டறைல இருந்தப்பவே ஆரம்பிச்சிருக்கு. பொழுது சாஞ்சா ஒண்ணியும் தெரியாது அவருக்கு. அந்த மினுக்குற தவள இருந்தாதான் எங்க போட்டோம்னு தெரிதுன்னு சொல்லுவாரு. அப்பவே காட்டியிருந்தா மிச்சப் பார்வையாவது நின்னிருக்கும்னாரு டாக்டரு..."

மீனுக்குத் தெரிகிறதா என்று ஐந்து ஞாயிறு டெஸ்ட் செய்தவன் நான். போடுகிறவனுக்குத் தெரிகிறதா என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த வாரமே போனேன். ஆற்றங்கரை வீடுகளை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒதுக்கியிருந்த அடுக்குமாடி, மூன்றாவது மாடி. என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்று, சுவரைத் தடவியபடி வந்தான்.

"வேல பூடும்னு யார்கிட்டயும் சொல்லல மச்சி. உன்னப் பாத்தாதான் ரொம்ப பயம். முடி அளவு பிசகு கண்டுபுடிக்கிற ஆளு, என்னிய கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆவும்? நீ கண்டுக்கவே இல்ல. சரி, நாமளே சொல்லிக்கலாம்னுதான் அன்னிக்கி ஏரில வாயத் தொறந்தேன்..."

கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது என்னிடம் நல்ல தூண்டில் ராடு இருக்கிறது, கார் இருக்கிறது, பெட்டி நிறையத் தவளை இருக்கிறது. தனியாகத்தான் போகிறேன். குரூப்பில் யாராவது புதிதாக வந்து, இருட்டில் மினுங்கும் தவளை வாங்கலாமா என்று கேட்டால், இன்னமும் என் பழைய ரிப்போர்ட்டைத்தான் யாரோ எடுத்துப் போடுகிறார்கள். பெயரோடு... கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன.

அன்றைக்கு அவன் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த அரை நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.