ஜிம்மியின் காதும் மீன் வண்டி ஹாரனும்

“...நாய் வரலன்னா மீனு பழசுன்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு சார். அது வராததுக்கு நான் என்ன பண்றது?”

பல வருஷத்துக்கு முன் மீன்கார சேகர் அண்ணன் எங்கள் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. நேற்று மகள் வீட்டில் அவர்கள் நாய்க்குக் காது துடைக்கும் மருந்துப் புட்டியைத் திறந்தேன். அந்த நெடி ஏறியதுமே, திருத்துறைப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த தெரு மீன் வாசத்தோடு வந்து நின்றுவிட்டது.

அப்போது எனக்கு வேலையும் புதிது, கல்யாணமும் புதிது. நாங்கள் வளர்த்த ஜிம்மிக்குத் தொங்கு காது. என்ன ஜாதி நாய் என்று கேட்பவர்களிடம் ‘ஒட்டு ரகம்’ என்பேன். நெல் விளைகிற ஊர் அல்லவா, அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

சேகர் அண்ணன் கடற்கரையிலிருந்து பழைய மொபெட்டில் வருவார். தெருமுனையில் ரப்பர் ஹாரனை அமுக்கினால் போதும், ஜிம்மி பாய்ந்து போய்ப் பெட்டியைச் சுற்றி மோந்து வாலாட்டும். அதற்குப் பிறகுதான் பெண்கள் பாத்திரத்தோடு இறங்குவார்கள். “ஜிம்மி மோந்துட்டானா?” என்று உள்ளேயிருந்தே விசாரிப்பவர்களும் உண்டு.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து ஜிம்மி அதிலேயே கிடந்தது. காதில் புளித்த மாவு வாடை. ஓயாமல் தலையை உதறல். சனிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட என் மனைவி லதா, கிண்ணத்தில் மிஞ்சிய நல்லெண்ணெயைச் சூடாக்கி அதன் காதிலும் விட்டுவிட்டாள்.

“உங்களுக்கு ஒத்துக்கிறது அதுக்கு ஒத்துக்காதா?”

என்னையும் ஜிம்மியையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டாள். நான் மறுக்கவில்லை, வரிசையில் எனக்குத்தான் முதலிடம் என்பதால்.

மறுநாளிலிருந்து ஜிம்மி தலையைச் சாய்த்தபடியே நடந்தது. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. சேகர் அண்ணன் பெட்டியில் மீன் அப்படியே கிடந்தது. அவர் வந்து கேட்ட கேள்விக்குப் பதில் தேடி, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். “வடை சுடுற அளவுக்கு ஊத்தியிருக்கீங்களேம்மா. நல்லவேளை, சவ்வு கிழியல. காது அழுக்குலயும் புண்ணுலயும் அடைச்சிருக்கு.” புண்ணுக்குத் தனி மருந்தும், கழுவ ஒரு புட்டியும் தந்தார். “குச்சி, கோழி இறகு, எதையும் உள்ள விடாதீங்க. விரல் தானா எட்டுற வரைக்கும்தான் காது உங்களுது. அதுக்கு மேல அது நாயோடது.”

வீட்டில் நான் ஜிம்மியை மடியில் அணைத்துக்கொள்ள, லதா புட்டியை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் காதில் விட்டாள். காதின் அடியை மெல்லப் பிசைந்தபோது சேற்றில் கால் வைத்ததுபோல ‘சளக் சளக்’ என்று சத்தம். பிறகு அது உதறியது. வந்த அழுக்கில் பாதி பஞ்சுக்கு, மீதி என் ஆபீஸ் சட்டைக்கு. கழுவுவதும் மருந்து விடுவதுமாக நாள் போகப் போக வாடை அடங்கியது, தலையும் நேரானது. காது திறந்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

இப்போது மீன் வருகிற சேதி போனில் வருகிறது. மோந்து பார்க்க யாரும் இல்லை. ரப்பர் ஹாரன் கண்ணில் பட்டே ரொம்ப நாளாகிறது.

அன்று, ஜிம்மியின் தலை நேரான பிறகு ஒரு நாள், அந்த ஹாரன் தெருமுனையில் ‘பாம்’ என்றது. படுத்திருந்த ஜிம்மி காதை உயர்த்தி, ஒரே ஓட்டம். பின்னால் நாங்களும். அது பெட்டியைச் சுற்றி மோந்து வாலாட்டி முடித்த பிறகும் சேகர் அண்ணன் பெட்டியைத் திறக்கவில்லை. ஜிம்மியைத் தூக்கி மொபெட்டில் முன்பக்கம் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரனை அடித்தபடி மெதுவாகத் தெருவைச் சுற்றி வந்தார்.