இரண்டு பொறுமைகளும் ஒரு குழந்தையும்

மறுநாள் தம்பியின் பேத்திக்கு ஞானஸ்நானம். அதனால் சனிக்கிழமை பிற்பகல் முழுக்க ஒனோசாயி அந்த வீட்டிலிருந்த அத்தனை பேருடைய வெள்ளைத் துணிகளையும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டில் மின்சாரம் போயிருந்ததால் நானும் என் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு போய், கொடுக்கலாமா கூடாதா என்று வாசலில் தயங்கி நின்றேன்.

"வச்சிட்டு உக்காரு டீச்சர். பத்தோட பதினொண்ணு" என்றாள், நிமிராமலே.

சமோவாவில் வைத்தேலே என்ற இந்த ஊரில் நான் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு வந்து பல வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் வேலை நீடிக்குமா, விசாவைப் புதுப்பிப்பார்களா என்று ஆண்டுக்கொரு முறை கவலைப்படுவேன். அப்போதெல்லாம் அவள் வீட்டுப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் ஆறுதல் சொல்ல மாட்டாள். ஒரு தட்டில் வெந்த சேப்பங்கிழங்கை நகர்த்துவாள். அவ்வளவுதான்.

ஒனோசாயி என்றால் சமோவா மொழியில் பொறுமை. பிள்ளை பிறக்கும்போது என்ன நடக்கிறதோ அதையே பேராக வைப்பது இங்கே பலருக்கு வழக்கம். அவள் அம்மா வலியோடு சவாயி தீவுத் துறையில் படகுக்காகக் காத்துக் கிடந்தாள். புயலில் படகு வரவில்லை, பிள்ளைதான் வந்தது. அவள் தம்பி பிறந்த அன்று ஊருக்கு முதல் வானொலிப் பெட்டி வந்திறங்கியது. அவன் பேர் லெய்த்தியோ, அதாவது ரேடியோ. இன்றுவரைக்கும் அணைக்க முடியாத ரேடியோ என்று அவன் காதுபடவே ஊரில் கேலி செய்வார்கள்.

நியூசிலாந்துக்குப் போக அக்கா தம்பி இருவருக்கும் ஒரே சமயத்தில் வாய்ப்பு வந்தது. தம்பிதான் போனான். அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது அவள். ஃபெரெட்டி என்ற பேருந்து ஓட்டுநர் அவளைக் கேட்டு வந்தான். காத்திருந்து பார்த்தான். பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். கார்களுக்கு ஒயர் கட்டும் ஆலையில் அவள் வேலை பார்த்த காலமெல்லாம், சிக்கு விழுந்த ஒயர்கள் அவள் பலகைக்கே வந்து சேர்ந்தன. "ஒனோசாயிகிட்ட குடு, பேரே பொறுமை" என்பார்களாம். ஆலையை மூடியபோது விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. இப்போதும் இஸ்திரிப் பெட்டி சுடுகிறதா என்று புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள்.

லெய்த்தியோ ஓய்வு பெற்று, குடும்பத் தலைவர் பட்டமும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தான். அவன் மகன் பெனி, ஃபிஜியில் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் ரேஹானாவைக் கட்டிக்கொண்டான். அவர்களுக்குப் பெண் பிறந்தது. குழந்தையைப் பார்க்க ரேஹானாவின் அப்பா சாபிர் ஃபிஜியின் லௌத்தோகாவிலிருந்து வந்திருந்தார். கரும்பு லாரி ஓட்டியவர். அரபியில் சாபிர் என்றாலும் பொறுமைசாலி என்றுதான் பொருள். இது தெரிந்த நாள் முதல் லெய்த்தியோவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களையும் ஒரே பேரில் கௌரவிக்கலாமே! குழந்தைக்கு ஒனோசாயி சாபிரா என்று அவனாகவே முடிவு செய்தான். ஆக்லாந்து உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். பாய் அகலத்துக்கு ஒரு கேக்கும் சொல்லிவைத்தான்.

சாபிர் வந்து இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்க வேண்டிய துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

"ஏன் தங்கச்சி, உங்களுக்கு இதுல சந்தோஷந்தானா?"

"எதுல?"

"பாப்பாவுக்கு நம்ம பேரை வைக்கிறதுல."

அவள் ஒரு காலரைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்கு எப்படி?"

"நான்தானே முதல்ல கேட்டேன்."

"நான்தான் பொறுமைக்காரியாச்சே. நீங்க சொல்லுங்க, காத்திருக்கேன்."

சாபிருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "மில்லு வாசல்ல லாரிங்க ஊர்க்கோடி வரைக்கும் நிக்கும். எவனாவது, வீட்டுல விசேஷம், முன்னால விடுங்கம்பான். உடனே எல்லாரும் என் லாரியக் காட்டுவாங்க. சாபிர் பாய் பொறுத்துக்குவாரு, அவருக்கு முன்னால போன்னு. என் கல்யாணத்தன்னிக்கே நான் வரிசையிலதான் நின்னேன். கரும்பு காஞ்சுபோச்சு, எனக்குத் தாடி வளந்துபோச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பாஷையில இதுக்கு என்ன பேரும்மா?"

"பொறுமை. ஆனா எங்க பக்கம் அதப் பேரா வைக்கிறதில்லண்ணே. பொண்ணாப் பொறந்தா, வைக்காமலே வந்துரும்."

ஒனோசாயி சிரித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெல்ல முதுகை நீவிக்கொண்டாள். "அந்தக் குட்டிக்கு ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு பொறுமை. தொட்டில்லேயே வரிசையில நிக்கவைக்கிறாங்க."

"நீங்க வேண்டாம்னா நடக்குமாமே? உங்க வழக்கத்துல அக்கா சொல்லத் தம்பி தட்டக்கூடாதுன்னு ரேஹானா சொன்னா."

"கூடாதுதான். அக்கா மனசு நொந்தா தம்பி பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னும் சொல்லுவாங்க. அந்தப் பயத்துலயே நான் வாயத் தெறந்ததில்ல. இப்பத் தெறந்தா அவனுக்கு எவ்வளவு அவமானம்? போதகர்கிட்ட வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கான்."

சாபிர் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

சங்கு ஊதியது. சாயங்காலச் சங்கு ஊதினால் ஜெபம் முடியும்வரை யாரும் தெருவில் நடக்கக்கூடாது. என்னாலும் வீடு திரும்ப முடியவில்லை. எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் லெய்த்தியோ தொண்டையைச் செருமிக்கொண்டான். குடும்பத்தில் எந்த முடிவு எடுத்தாலும் கடைசியில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்பான். அது முறை. அவளும் எப்போதும் "சரி" என்பாள். அதுவும் முறைதான்.

"இந்த வீட்டோட மதிப்பே எங்க அக்காதான். அவங்க சொல்லுக்கு மேல நான் நடக்கமாட்டேன். அக்கா, பிள்ளை பேரு ஒனோசாயி சாபிரா. உன் சம்மதத்தச் சொல்லு."

"இந்தப் பேரு வேண்டாம்."

லெய்த்தியோ நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா?"

"ரெண்டும் வேண்டாம் லெய்த்தியோ."

"கேக்குல எழுதியாச்சுக்கா!"

"கேக்குக்கு வேணா வச்சுக்கோ. பிள்ளைக்கு வேண்டாம்."

பெனி சிரிப்பை அடக்கக் குழந்தையின் துணிக்குள் முகத்தைப் புதைத்தான். லெய்த்தியோவின் முகம் வெளிறிப்போனது. "கோபமா? பிள்ளைக்கு எதுவும் ஆயிடாதே? உன்னக் கௌரவப்படுத்தத்தானே செஞ்சேன்?"

"கோபமில்லடா. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா இருப்பா. எனக்குத்தான் அலுத்துப்போச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "நீ முதல்ல போ, அவ பொறுத்துக்குவான்னு அப்பா சொன்னாரு. ஃபெரெட்டி வந்தப்ப, அப்பா எந்திரிச்சு நடக்கட்டும், அவ பொறுத்துக்குவான்னு நீ போன்ல சொன்ன. என்கிட்ட யாருடா கேட்டீங்க? என் பேரத்தான் கேட்டுட்டுப் போனீங்க. நாளைக்கு இவகிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க."

ரேடியோ அணைந்துவிட்டது. நான் என் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது அவன்தான். எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டான், இனி தட்ட முடியாது. கடைசியில், "அப்ப நீயே ஒண்ணு சொல்லுக்கா" என்றான்.

"அவ பொறந்தப்ப என்ன நடந்துச்சோ, அதான். நம்ம வழக்கந்தானே? ரேஹானா, என்னம்மா நடந்துச்சு?"

ரேஹானா மாமனாரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணும் நடக்கல அத்தை. நர்ஸு கையுறை போடுறதுக்குள்ள வந்துட்டா."

"வாவே" என்றாள் ஒனோசாயி. சமோவா மொழியில் அதற்குச் சீக்கிரம் என்று அர்த்தம்.

"எனக்குச் சம்மதம்" என்றார் சாபிர், யாரும் கேட்காமலேயே.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வாவே என்று பேர் வைத்தார்கள். போதகர் ஒரு கணம் நிறுத்தி லெய்த்தியோவைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். விருந்துக்குத் திரும்பியபோது ஒனோசாயி எப்போதும்போல் அடுப்படிக்குப் போகவில்லை. பன்றிக்கறி தொடாத சாபிருக்கென்று இலையில் தனியாகச் சுட்ட மீனை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, வெள்ளை உடுப்போடு பின்னறைப் பாயில் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

கேக்கை வெட்டினார்கள். எல்லோருக்கும் கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு, அவள் பேர் எழுதிய முதல் துண்டைத் தட்டில் வைத்துத் தம்பியே எடுத்துக்கொண்டு வந்தான். கதவோரம் நின்று பார்த்தான். வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் அயர்ந்து கிடந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"விடுங்க சம்பந்தி" என்றார் பின்னாலேயே வந்த சாபிர். "கேக்கு காத்திருக்கும்."

லெய்த்தியோ அவள் காலடியில் உட்கார்ந்தான். முற்றத்தில் பாட்டும் சிரிப்புமாக விருந்து நடந்துகொண்டிருந்தது. யாரோ அவனைத் தலைவர் பட்டம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விசிறியால் ஈயை ஓட்டியபடி இருந்தான்.