பனிமலை அடிவாரத்தில் ஒரு ‘தெரியாது’

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். சிட்னியிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டி நானும் கணவரும் ஸ்னோவி மலையடிவாரத்துக்குப் போயிருந்தோம். நாற்பத்தேழு வயதில் இந்த வேலை தேவையா என்று கேட்பீர்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை.

மூன்று குளிர்காலமாகப் பனிச்சறுக்குப் பழகி வந்தேன். கம்பியில் தொங்கி ஓடும் லிஃப்ட் நாற்காலியில் மலையேறி, இயந்திரம் சமப்படுத்திய பாதையில் இறங்குவதுதான். சிட்னியில் எங்கள் வென்ட்வேர்த்வில் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில் இதைப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் கணவர் கொத்துரொட்டித் தட்டோடு வந்து காலை வாரினார். “லிஃப்டில ஏறி இறங்கிறதெல்லாம் ஒரு ஸ்கீயே மச்சாள்? அது பார்க்கில சின்னப்பிள்ளையள் சறுக்கிறதெல்லோ!”

அத்தான் பனியைப் பிரீசரில் மட்டும் பார்த்தவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. லிஃப்டே இல்லாத மலைக்கு வழிகாட்டியோடு போகப்போகிறேன் என்று இருபது பேர் முன்னால் அறிவித்துவிட்டேன்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: சமப்படுத்தாத பனியில், முதுகில் பையோடு இரண்டு பக்கமும் திரும்பத் தெரியுமா? ‘நன்றாகத் தெரியும்’ என்ற கட்டத்தில் சரி போட்டேன். கூச்சமே வரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதானே. நேர்முகத்தில் எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல், வேலை கிடைத்தபின் பழகிக்கொள். என் முதல் வேலையே அப்படிக் கிடைத்ததுதான்.

மலையேறும் நாள் காலையில் வழிகாட்டிப் பெண் எங்கள் ஆறு பேரையும் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு மடக்கு மண்வெட்டி தந்தாள். பனி சரிந்து ஒருவர் புதைந்தால் உதவிக்கு வேறு யாரும் வரமாட்டார்கள், மற்ற ஐந்து பேரும்தான் தோண்ட வேண்டும் என்றாள். பிறகு ஒவ்வொருவரிடமும் படிவத்திலிருந்த அதே கேள்வியைக் கேட்டு வந்தாள்.

பக்கத்தில் நின்ற இளம்பெண் என்னைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்தாள். அலுவலகத்தில் பழகிக்கொள்ளலாம். இங்கே நான் பழகும்வரை இந்தப் பிள்ளை பனிக்குள் காத்திருப்பாளா?

“தெரியாது” என்றேன். “படிவத்தில் பொய் எழுதிவிட்டேன்.”

வழிகாட்டி திட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு, லிஃப்ட் உள்ள மலையில் வழிகாட்டியோடு சறுக்கும் குழுவுக்கு என்னை மாற்றிவிட்டாள். மற்ற ஐந்து பேரும் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே ஏறிப் போவதைப் பார்க்க அழுகையே வந்தது. காப்பிக் கோப்பையோடு நின்ற கணவர் மெதுவாகக் கேட்டார், “அப்ப அத்தானுக்கு என்ன சொல்லப்போறீர்?”

புதிய வழிகாட்டி ஒரு தாடிக்காரர். அவரிடம் மறைக்காமல் சொன்னேன், இடப்பக்கம் திரும்பும்போது பயத்தில் பின்னால் சாய்ந்துவிடுவேன் என்று. காலை முழுக்க அந்த ஒரு திருப்பம்தான். பதினொரு தடவை விழுந்தேன். பின்னேரம் உச்சிக்கு அழைத்துப்போய், அங்கிருந்த மிக நீளமான பாதையைக் காட்டினார். காற்று முகத்தில் அறைந்தது. கீழே கார்கள் புள்ளிகளாகத் தெரிந்தன.

இறங்கினேன். வலம், இடம், வலம், இடம். நடுவில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்த பனியில் கால் வழுக்கியது. பின்னால் சாயவில்லை. ஒரு தடவைகூட விழாமல் அடிவாரம் வந்து நின்றபோது “முருகா!” என்று நான் போட்ட கூச்சலில் லிஃப்ட் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேயே நின்று அத்தானுக்கு வீடியோவில் அழைத்தேன். பொய் எழுதியது, அதை ஒப்புக்கொண்டது, லிஃப்டில் ஏறியது எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தான் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

“கடைசியா இறங்கேக்க விழேல்லையோ?”

“இல்லை அத்தான். ஒருக்காக்கூட விழேல்லை.”

“கெட்டிக்காரி! இனி நான் வாயே திறக்கமாட்டன்.”

அதன்பின் அந்தத் தாடிக்காரரிடமே சமப்படுத்தாத பனியில், முதுகில் பையோடு பழகினேன். இந்த ஜூலையில் அதே படிவம் வந்தது. இம்முறை நான் போட்டது உண்மையான சரி. அதே வழிகாட்டிப் பெண்ணின் பின்னால், முதுகில் மண்வெட்டியோடு ஏறி, யாருடைய தடமும் இல்லாத பனியில் இறங்கி வந்தேன். இருபது வருடமாகத் ‘தெரியும்’ என்று சொல்லி இந்த நாட்டில் எவ்வளவோ பெற்றிருக்கிறேன். ஆனால் ‘தெரியாது’ என்று சொல்லிப் பெற்ற அந்த மலைதான் முழுக்க முழுக்க என்னுடையது.