அருணாசலவடிவு ஆப்பிரிக்கா படித்தது

இரும்புக்கடை அருணாசலவடிவு அறுபது வயதில் ஆப்பிரிக்காவைப் படிக்கத் தொடங்கியது ரோஷத்தால். வியாபாரிகள் கூட்டத்தில், கானாவிலிருந்து துறைமுகத்துக்கு வந்து இறங்கும் முந்திரியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "கானா அமெரிக்காப் பக்கம்தானே?" என்று கேட்டுவைத்தார். கூட்டமே சிரித்தது. மறுநாள் வீட்டுச் சுவரில் சாமி படங்கள் ஓரமாக ஒதுங்க, நடுவில் ஆப்பிரிக்கா தொங்கியது.

அவர் மனைவி சீனித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் முருகேஸ்வரிக்கு மாப்பிள்ளை தேடுகிற நேரத்தில், இந்த மனுஷன் பல் விளக்கும்போதும் "மாலி பமாக்கோ, நைஜர் நியாமே" என்று முனகிக்கொண்டிருந்தார். சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தி, சாடு நாட்டுத் தலைநகரைச் சொல்லிக்கொடுத்தார்.

"ஏளா, அத்தனை நாட்டுக்கும் சொல்லுவேன், கேளு."

"நம்ம ரேஷன் கடை எந்தத் தெருவுல இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆத்தூரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை செந்தூர்வேலுக்குத் தான்சானியாவில் வேலை. போனில் பேசிப் பார்த்து முருகேஸ்வரிக்கும் பிடித்துப்போயிற்று. பேச்சு முடிக்க வந்த அவன் அப்பா வெள்ளத்துரை, கேசரியை வழித்துக்கொண்டே பெருமையடித்தார்.

"பையன் தாரஸ்ஸலாம்ல இருக்கான். தலைநகரத்துலயே வேலை."

"தலைநகரம் டொடோமால்லா?" என்றார் அருணாசலவடிவு.

"எம்மவன் அங்கனதான இருக்கான், எனக்குத் தெரியாதா?"

"இருந்தா என்ன? வாங்க, காட்டுதேன்."

சம்பந்தியாக வேண்டியவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல் சுவர் வரைபடத்தின் முன்னால் நிறுத்தினார். வெள்ளத்துரை கையை உதறிவிட்டுச் செருப்பை மாட்டினார். அதோடு பேச்சு முறிந்தது.

முருகேஸ்வரி அறைக்குள் அழுதுகொண்டிருக்க, அப்பன்காரர் டொடோமா என்று காட்டிய செல்போனைத் தூக்கிக்கொண்டு, "நான் சொன்னது சரியா இல்லையா?" என்று வீடு முழுக்க நடந்தார்.  சீனித்தாய் ஆத்தூர் பஸ் ஏறி வெள்ளத்துரை வீட்டுக்கே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, மனசுல வைக்காதிய. அவருக்கு ஒரு எழவும் தெரியாது. ஏதோ பழைய படத்தப் பாத்து உளறிட்டாரு. தாரஸ்ஸலாம்தான் தலைநகரம்னு ஊருக்கே தெரியுமே."

வெள்ளத்துரைக்கு முகம் பூரித்துவிட்டது. உள்ளே பார்த்துக் காபி போடச் சொன்னார். நம்ம வீட்டுப் பைத்தியத்துக்கு இது ஒண்ணும் இளைச்ச கோட்டி இல்லை என்று எண்ணியபடியே சீனித்தாய் காபியைக் குடித்தாள். ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் அருணாசலவடிவு ஓடிவந்தார். "தப்ப ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு. போயி மண்டபத்துக்குச் சொல்லிட்டு வாங்க."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.