எல்லைக்கல் அடுப்பு

நாவலூர் வாடகை வீட்டின் பின்புறம் ரூம்மேட் கல்லை வட்டமாக அடுக்கி, சிக்கன் சுடுகிறேன் என்று சீன் போட்டான். கல் சூடேறிய வாசனையில் எனக்கு எங்கள் ஊர் புதுப்பட்டினம் நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே ஒரு கிறிஸ்துமஸ் பிரியாணிக்குச் சித்தப்பா தோட்டத்தில் அடுப்பு கட்டினார். ஒரு கல் குறைந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நட்டிருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி வைத்துவிட்டார். அண்டா கொதிக்கும்போதுதான் அப்பா பார்த்தார்.

“இன்னாடா திருட்டு நாயே, கல்ல புடுங்கினா என் எடம் உன்னுதாயிடுமா?”

எரிகிற கட்டையை உருவிச் சித்தப்பா முதுகில் விளாசினார். அண்டா கவிழ்ந்தது.

“எடத்த நீயே கட்டிக்கினு அழு அண்ணாத்த” என்ற சித்தப்பா, தணலில் கிடந்த கல்லை வெறுங்கையால் தூக்கிப்போய்ப் பழைய குழியில் நட்டார். உள்ளங்கைத் தோல் கல்லோடு போனது.

கை ஆறும்வரை அப்பாதான் அவருக்குச் சோறு ஊட்டினார்.